சோப்புத் தண்ணீர் விழும் இடம்

நானூறு ரசகதலி நின்ற வயலில்
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது
இலை மடிந்து, தண்டைச் சுற்றிப்
பாவாடைபோல் தொங்கவிட்டு நின்றன.
களக்காடு, பங்குனி, பகல் பதினொன்று.
சங்கிலிபூதம் ஒரு தண்டைக் குறுக்கே வெட்டிக் காட்டினார்:
உள்ளே செம்பழுப்பு வளையங்கள்,
டீ கிளாஸ் வைத்து எடுத்த மேசைபோல.

மிச்சம் ஒன்று
தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதாகத்
தார் தள்ளிக்கொண்டிருந்தது.

அதன் வேரடியில் குந்தி
ஒரு கரண்டி மண் எடுத்தேன்.
"மரத்த விட்டுட்டு மண்ணக் கொண்டு போறியளே."
"பாத்துட்டுச் சொல்லுதேன்."
அந்தச் 'சொல்லுதேன்' இன்னும்
பாளையங்கோட்டைக்கும் களக்காட்டுக்கும் நடுவே
எங்கோ பஸ்ஸுக்கு நிற்கிறது.

ஒரு கிராம் மண்ணில்
எங்கள் மாவட்டத்து ஜனத்தொகையைப்போல் நூறு மடங்கு.
பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று நீர்த்து நீர்த்து
ஒன்றையொன்று முட்டாத தூரத்தில் உட்காரவைத்து
எதிரே பூஞ்சையை விட்டேன்.
பஞ்சு வெள்ளை, அடியில் கத்தரிப்பூ நிறம்.
பதினாறு தட்டுகளை ஏறி மிதித்துக் கடந்தது.
பதினேழில் நின்றது.
நடுவே வெற்றுப் பிறை ஒன்று.

தட்டு கழுவும் பேச்சிராஜ் எட்டிப் பார்த்து,
"கோடு கிழிச்சு, இதுக்கு இங்கிட்டு வராதன்னிருக்கு" என்றார்.
கட்டுரையில் அதைத் தடுப்பு மண்டலம் என்று எழுதினோம்.
எழுதியவர் பெயர்கள் நான்கு.
சங்கிலிபூதம் அதில்
'களக்காடு வட்டாரத்து வயல் ஒன்று'.

க-17.
ஊதாக் கதிர் விளக்கின் கீழ்
எலுமிச்சைப் பச்சையாய் மினுங்கும்.
நான் அதற்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்தேன்.
வாரம் தவறாமல் புதுத் தட்டு, சர்க்கரை, புரதம்,
இருபத்தெட்டு பாகைக் கதகதப்பு,
பகையென்று எவரும் இல்லாத வெண்பரப்பு.
விஷம் காய்ச்சச் செலவாகும்.
காய்ச்சாத பிள்ளைகள் சீக்கிரம் பெருகின.
முப்பதாவது மாற்றலில்
பூஞ்சை பிறையைத் தாண்டி வந்து
அதன் மேலேயே படுத்துக்கொண்டது.
உறைபெட்டியில் மூலம் இருக்கிறதே என்றிருந்தோம்.
மழைக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை.
நான்காம் நாள் திறந்தால்
சின்னக் குப்பிகளில் புளித்த வாடை.

போன் செய்தேன்.
"அந்த மரமா? தார் வெட்டுனதும் சாச்சாச்சு.
வயல்ல இப்ப உளுந்துல்லா."
நான் பேசாமல் இருந்ததைக் கேட்டிருப்பார்.
"கன்னு ஒண்ணு மக கொண்டு போனா. சேரன்மாதேவி.
குளிக்கத் தண்ணி போற இடத்துல நிக்கி."

பொன்னுத்தங்கத்தின் வீட்டுப் பின்வாசல்.
குழாய் வாயில் நுரை, மஞ்சள், கிழிந்த ஷாம்பு உறை.
கன்றுக்குக் கன்று, அதற்கும் கன்று,
மூன்று தலைமுறையாய்ச் சளியாமல்.
"நீங்க வந்துதான் அப்பாகிட்ட மண்ணு வாங்கிட்டுப் போனியளோ?
அந்த மண்ணு என்னாச்சு?"
வேறு யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்:
வேலை மறந்துபோச்சு.
அவள் வீட்டுக்குள்
டிவி ஓடும் திசையை ஒருமுறை பார்த்தாள்.
"சும்மா சோறு போட்டா மறக்கத்தான் செய்யும்."

கரண்டியில் வந்த மண்ணில்
லைஃப்பாய் வாசனை.

இன்று நான்காம் நாள்.
தட்டின் அடியில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்:
பொன்னுத்தங்கம், குளிப்பு வாய்க்கால்.
பூஞ்சையின் விளிம்பு நேற்று ஒன்பது மில்லிமீட்டர்.
இன்று பதினொன்று.
இன்னும் நிற்கவில்லை.
ஆனால் எதிர்க்கரையிலிருந்து
வெளிறிய மஞ்சள் ஒன்று
ஊறத் தொடங்கியிருக்கிறது,
கறையோ, நினைவோ.

பேச்சிராஜ் விளக்கை அணைக்கவா என்று நிற்கிறார்.
போனில் தவறிய அழைப்பு ஒன்று,
களக்காட்டிலிருந்து.
ஸ்கேலை மறுபடி
தட்டின் மேல் வைக்கிறேன்.